தொண்ணூறு மில்லி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் அந்த வாரம் நாளுக்கு மூன்று முறை ரிப்பேர் ஆனது. காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, ஒன்பதரைக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. இவ்வளவு நேரம் தவறாமல் கெட்டுப்போகிற யந்திரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் இருப்பது ஐந்தாவது மாடி. என் வலது முழங்கால் படிக்கட்டைப் பார்த்தாலே முனக ஆரம்பித்துவிடும். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் பொதுவாக எல்லோரையும் திட்டிக்கொண்டே ஏறினேன். லிஃப்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் முதல் மாடியில் இருக்கும் ஐந்தரை மாதக் குழந்தையின் வேலை என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

குழந்தையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்களுடையதையும் சேர்த்து இருபத்திரண்டு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். அவர் மனைவி பதினான்காம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். ஆறு வருஷம் அதே பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதி, ஓட்டிக்காட்டி, அந்த சீட்டைப் பிடித்தவர். அவர் ஓட்டும்போது நின்றுகொண்டே டீ குடிக்கலாம், சிந்தாது. நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் இல்லாமல் போகிற ஏழாம் மாதம் வரைக்கும் ஓட்டிவிட்டுத்தான் லீவில் போனார்.

குழந்தைக்குப் பெயர் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் கூப்பிட்டதில்லை. சூப்பர்வைசர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். மற்றவர்கள் வேலை செய்வதைக் கண் கொட்டாமல் கவனிப்பாள், தான் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டாள், கொஞ்சம் தாமதமானால் கத்துவாள். பொருத்தமான பெயர்தான்.

அவர்கள் வீடு இரண்டே அறை. ஒரு சுவரில் டிரைவரின் சீருடை இஸ்திரி போட்டுத் தொங்கும். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் லிஃப்ட்காரரின் கருவிப் பை. ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு பேருடைய ஷிஃப்ட் அட்டவணையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். லீவு முடிந்து திங்கட்கிழமை அந்தம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை ஷிஃப்ட், ஐந்தரையிலிருந்து இரண்டு வரை. லிஃப்ட்காரர் தன் வேலையை மூன்று மணிக்கு மேல் மாற்றிக்கொண்டார். காலையில் அப்பா, மதியத்துக்கு மேல் அம்மா. நடுவே குழந்தையைக் கைமாற்ற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் கணவன் மனைவி என்று லிஃப்ட்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாம் சரியாகத் திட்டம் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பால்புட்டியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு, லஞ்சம் நீட்டியவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். புட்டிக்குள் இருந்தது அவள் அம்மா எடுத்து வைத்த பால்தான். அப்படியும் வேண்டாம். ஒரு வாரம் போராடினார்கள். டிப்போ மேலாளரிடம் கேட்டதற்கு, லீவை நீட்டிக்கலாம், ஆனால் பதினான்காம் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும், திரும்பி வரும்போது டேபிள் வேலைதான் என்று சொல்லிவிட்டார். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று உட்கார்ந்து எழுதுகிற வேலை. மற்றவர்கள் ஓட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.

நான் பிழைப்புக்குச் செய்வது, வீட்டு உபயோகப் பொருள்களோடு வருமே, யாரும் பிரித்துப் படிக்காத கையேடு, அதை எழுதுவது. மிக்ஸி, ஹீட்டர், துணி துவைக்கிற மெஷின் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் எழுதியதை வரி வரியாகப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்த ஒரே வாசகர் லிஃப்ட்காரர்தான். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலை இடுப்பில் குழந்தை, கையில் பால்புட்டிக் கையேடு. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் என் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"அண்ணே, இது நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றேன். ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆறாவது பாயிண்ட்ல, 'குழந்தை இயல்பாகக் குடிக்கத் தொடங்கும்'னு போட்டிருக்கீங்க. தொடங்கலேன்னா என்ன பண்றதுன்னு எங்கயுமே காணோமே?"

"கடைசிப் பக்கத்துல கஸ்டமர் கேர் நம்பர் இருக்கும்" என்றேன், குரல் இறங்கி.

"கூப்பிட்டேன். புட்டியில குறைன்னா மாத்தித் தருவாங்களாம். குழந்தையில குறைன்னா அவங்க பொறுப்பு இல்லையாம்."

சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது பாயிண்ட்டை எழுதியபோது நான் எந்தக் குழந்தையையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஐந்துக்கு அப்புறம் ஆறு வர வேண்டும் என்று எழுதினேன். அவள் பார்வையில் அது தெரிந்துவிட்டது போல எனக்கு வெட்கமாகிவிட்டது.

லிஃப்ட்காரர் தன் தொழில் முறைப்படிதான் பிரச்சினையை அணுகினார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் பழுது எங்கே என்று தெரியும் என்றார். பாலின் சூட்டை மாற்றினார். புட்டியின் ரப்பரை மாற்றினார். உட்கார்ந்து, நின்று, படுத்து, விளக்கை அணைத்து, ஃபேனை நிறுத்திப் பார்த்தார். மனைவியின் சீருடைச் சட்டையை, பொத்தான் போட முடியாமல், தான் மாட்டிக்கொண்டும் பார்த்தார். குழந்தை அழுவதைக் கேட்டுக் காரணம் சொல்கிற செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டார். அது ஒவ்வொரு முறையும் பசி, அறுபத்திரண்டு சதவீதம் என்று சொன்னது. மீதி முப்பத்தெட்டு என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தம்மா என்னையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இவ குடிக்கலேன்னா நான் எழுதிக் கொடுத்துட்டு டேபிளுக்குப் போயிடறேன். பெத்த புள்ளையப் பட்டினி போட்டுட்டு என்னால பஸ் ஓட்ட முடியாது." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. லிஃப்ட்காரர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்து சும்மா உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒன்பதரை மணிக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், லிஃப்ட் கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' போர்டு தொங்குகிறது. முழங்காலைச் சமாதானப்படுத்தி ஏறினேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, பழுதான லிஃப்ட் சுவருக்குள் மேலே போகிற சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் நின்றேன், கீழே போனது. உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "அப்படித்தான், அப்படித்தான், என் ராஜாத்தி" என்றது. பழுது பார்க்கிறவர்கள் லிஃப்ட்டிடம் இவ்வளவு அன்பாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவது மாடியில் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, கதவைக் கையால் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. உள்ளே லிஃப்ட்காரர், சின்ன ஸ்டூலில். மடியில் சூப்பர்வைசர், வாயில் புட்டி. லிஃப்ட் நின்றதும் அவள் குடிப்பதை நிறுத்தி, இடைஞ்சல் செய்தவன் யார் என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வாங்கண்ணே, சீக்கிரம். நின்னா குடிக்க மாட்டா."

போனேன். அந்த லிஃப்ட்டில் ஆறு தடவை மேலும் கீழும் போய்வந்தேன். கதை அப்போதுதான் வெளியே வந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆறாவது மாடியில் கதவு சரியாக மூடவில்லை என்று புகார். குழந்தையையும் புட்டியையும் விட்டுவிட்டுப் போக முடியாது. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே, சும்மா ஒரு பழக்கத்தில் புட்டியை நீட்ட, வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாளாம். ஆறாவது மாடியில் நின்றதும் துப்பிவிட்டாள். கீழே இறங்கத் தொடங்கியதும் மறுபடி பிடித்தாள். எங்கள் லிஃப்ட் பழசு. ஓடும்போது தரையிலிருந்து ஒரு அதிர்வு காலில் ஏறும். அதுதான் அவளுக்கு வேண்டியிருக்கிறது. லிஃப்ட்காரரிடம் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பிவிட்டால் வெளியே யார் எந்த மாடியில் பட்டனை அழுத்தினாலும் லிஃப்ட் கேட்காது, உள்ளே இருக்கிறவர் சொன்னபடி மட்டும் ஓடும். திருப்பிவிட்டார். போர்டை மாட்டினார். பதினைந்து வருஷத் தொழிலில் அவர் மாட்டிய முதல் பொய்ப் போர்டு அது.

"வீட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணே சொல்றது? லிஃப்ட்ல மட்டும்தான் குடிக்கிறான்னா அவ அதை ஒரு குடின்னே ஒத்துக்க மாட்டா. இது எத்தனை நாளைக்கு ஓடும்னு கேட்டு, மறுநாளே போய் டேபிள்ல உக்காந்துடுவா."

"அப்ப பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய் சொல்லல. டெர்மினஸ்லேர்ந்து போன் பண்ணி எவ்வளவு குடிச்சான்னு கேக்கறா. தொண்ணூறு மில்லிங்கறேன். எங்க குடிச்சான்னு அவ கேக்கல."

நான் கண்டித்திருக்க வேண்டும். ஆனால் புட்டிக்குள் குமிழி குமிழியாக ஏறிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகக் கட்டடமே இந்தக் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன விரல்கள் புட்டியைத் தட்டித் தட்டிக் குடிப்பதைப் பார்க்க எனக்கே வயிறு நிறைந்தது. போர்டின் வாசகம் சரியில்லை, 'பழுது' என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று சொல்லி, நானே புதிதாக எழுதிக் கொடுத்தேன். 'சிறு பராமரிப்பு. இருபது நிமிடம். பொறுத்துக்கொள்ளவும்.' என் எழுத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் வரும் என்று நான் நினைத்ததில்லை. அதற்கப்புறம் முழங்கால் முனகினாலும் நான் முனகவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் லிஃப்ட்காரர் அவசரப்பட்டதே இல்லை. தொண்ணூறு மில்லி ஊற்றினால் தொண்ணூறும் உள்ளே போகிற வரை ஓட்டுவார். வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவரை மாட்டிவிட்டது.

தரைத் தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே பராமரிப்பு நோட்டு. தேதி, நேரம், செய்த வேலை, ஊற்றிய எண்ணெய் எத்தனை மில்லி என்று நான்கு கட்டம். சாவி போட்டு லிஃப்ட்டை ஓட்டினால் நோட்டில் எழுதாமல் இருக்கக் கூடாது. அது அவருக்கு வேதம். பொய்ப் போர்டு மாட்டத் துணிந்த மனுஷனுக்கு நோட்டில் ஒரு வரி எழுதாமல் விடத் துணிவு வரவில்லை. 'சோதனை ஓட்டம்' என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிக் கட்டத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. கை தானாக 90 என்று எழுதிவிட்டது. மூன்று நாள், ஒன்பது ஓட்டம், ஒன்பது தொண்ணூறு.

ஆறாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விட மாட்டார், மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாளைக்கூட மடிப்புப் பிரித்துப் படிப்பவர். புதன்கிழமை மாலை அவர் நோட்டைப் புரட்டியிருக்கிறார். மூன்று நாளில் எண்ணூற்றுப் பத்து மில்லி எண்ணெய். லிஃப்ட் இப்படிக் குடித்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதானே அர்த்தம். ஆபத்து என்று நேராகக் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். வியாழக்கிழமை எட்டு மணிக்கு இரண்டு ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தி, எல்லா மூடியையும் கழற்றிப் பரப்பிவிட்டார்கள். மாலை வரை ஓடாது என்றார்கள். இல்லாத ஒழுகலைத் தேடுவதற்கு நேரம் ஆகத்தான் செய்யும்.

வந்தவர்கள் லிஃப்ட்காரரின் கூட்டாளிகள்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் டார்ச் அடித்துத் தேடுவதைப் பார்த்தபடி நின்றார். சூப்பர்வைசரும் பார்த்தாள். ஒன்பதரை ஆனது. கத்த ஆரம்பித்தாள்.

படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். அவள் ஏமாறவில்லை. நானும் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்த்தேன், எனக்குத்தான் அழுகை வந்தது. பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்டுக்கு ஓடினார். அது புது மாடல், ஓடுவதும் தெரியாது நிற்பதும் தெரியாது. சூப்பர்வைசர் அதை ஒரு லிஃப்ட்டாகவே மதிக்கவில்லை. பத்து மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். குழந்தை தொண்டை கம்மிப்போய் விட்டு விட்டு அழுதாள். இனிமேல் என்ன, இவள் அம்மாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிவிடலாம், டேபிள் வேலையும் வேலைதான் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

என் போன் மினுங்கியது. பக்கத்து அறையிலிருந்து என் மகள். பதினைந்து வயது. பரீட்சை முடிந்த லீவு. அவள் என்னிடம் பேசுவதெல்லாம் இப்படித்தான். டீ இருக்கா என்று கேட்பதற்குக்கூடப் பத்தடி தூரத்திலிருந்து செய்தி அனுப்புவாள். வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று நான் கத்துவேன், அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை வரும். இந்தத் தலைமுறைக்கு மனிதர்கள் மேல் அக்கறை இல்லை என்று என் மனைவியிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். இப்போது அவள் அனுப்பியிருந்தது இது:

'அப்பா, பாப்பா ஆடினாத்தானே குடிக்கிறா? 14 இப்போ பார்க் ஸ்டாப்ல இருக்கு. நம்ம ஸ்டாப்புக்கு எட்டு நிமிஷம். ஓட்டறது அவ அம்மாதான்.'

சத்தமாகப் படித்துக் காட்டினேன். லிஃப்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் மறுபடி உட்கார்ந்தார்.

"போனா எல்லாம் தெரிஞ்சிடும்ணே."

அதற்குள் அறைக் கதவு திறந்தது. என் மகள் வெளியே வந்தாள், செருப்பு மாட்டிக்கொண்டே. "அங்கிள், தெரிஞ்சா தெரியட்டும். பாப்பா பசிக்குதுன்னு அழறா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புட்டியையும் துண்டையும் எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு முன்னால் படி இறங்கினாள். அவளுக்கு அந்தக் குழந்தையின் சாப்பாட்டு நேரம், பதினான்காம் நம்பரின் நேரம் எல்லாம் தெரிந்திருக்கிறது. கதவு மூடியிருந்தாலும் காது திறந்துதான் இருந்திருக்கிறது. மூன்று நாளாக நான் போனில் லிஃப்ட்காரரோடு குசுகுசுத்ததெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும்.

ஸ்டாப்பில் நின்றோம். வெயில் இதமாக இருந்தது. மகளின் போனில், பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடத்தில், ஒரு நீலப் புள்ளி தெரு தெருவாக வளைந்து வந்தது. "அதோ பாரு அம்மா, அதோ பாரு" என்று லிஃப்ட்காரர் அந்தப் புள்ளியைக் குழந்தைக்குக் காட்டினார். அவள் புள்ளியைப் பிடித்து வாயில் போடப் பார்த்தாள். புள்ளி எங்கள் மேல் வந்து நின்றபோது, நிஜமாகவே பஸ்ஸும் திருப்பத்தில் வந்தது.

முன் கண்ணாடி வழியாக அந்தம்மா எங்களைப் பார்த்தார். அந்த முகம் வெளிறியதை நான் மறக்க மாட்டேன். கதவு திறந்ததும் பார்வை முதலில் குழந்தை மேல் விழுந்து தலையிலிருந்து கால் வரை போனது.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. பசி" என்றார் லிஃப்ட்காரர்.

பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் நெருக்கினார்கள். டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் லிஃப்ட்காரர் குழந்தையோடு உட்கார்ந்தார், எதிர்ப்பக்கம் நானும் மகளும். கதவு மூடியது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு பலகை: 'ஓட்டும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது.' அந்தம்மா அந்தப் பலகையை எழுதியவர்களைவிடக் கண்டிப்பானவர். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார், கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

பஸ் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறியது. தரையிலிருந்து அந்த அதிர்வு ஏறியது. எங்கள் லிஃப்ட்டுடைய அதே அதிர்வுதான், இன்னும் கொஞ்சம் கனமாக. சூப்பர்வைசர் அழுகையை நிறுத்தினாள். எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வது போலத் தலையைச் சாய்த்தாள். லிஃப்ட்காரர் புட்டியை நீட்டினார். வாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றது. குழந்தையும் நிறுத்தினாள். ஆள் ஏறுகிற இடைவெளியில் லிஃப்ட்காரர் முன்னால் குனிந்து, "வீட்டுல குடிக்கல" என்றார். கதவு மூடியது. பஸ் ஓடியது, குழந்தை குடித்தாள். அதற்கடுத்த ஸ்டாப்பில், "லிஃப்ட்லதான் குடிச்சா" என்றார். அதற்கும் அடுத்ததில், "மூணு நாளா" என்றார். ஸ்டாப்புக்கு ஒரு வாக்கியம் வீதம் ஒப்புதல் வாக்குமூலம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்த ஒரு பெயின்டர், கையில் பிரஷ்ஷோடு, முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். இறங்க வேண்டிய இரண்டு நர்ஸுகள் இறங்காமல் நின்றார்கள். கதை பாதியில் இருக்கிறதே.

அந்தம்மா சாலையை ஒரு முறை, கண்ணாடியை ஒரு முறை பார்த்துக்கொண்டே ஓட்டினார். குழந்தை குடிக்கிறபோது கண்ணாடியில் அவர் கண் பளபளத்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பல் டாக்டர் பாவம் என்று யாராவது நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். அன்று மாலை அவரிடம் லிஃப்ட்காரரே போய் எல்லாம் சொன்னார். டாக்டர் நோட்டை மறுபடி வாங்கி அந்த ஒன்பது வரியையும் படித்தார். நீண்ட நேரம் சிரித்தார். அப்புறம் சங்கத்தின் குழுவில் ஒரு அறிவிப்புப் போட்டார்: காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் இருபது நிமிடம் லிஃப்ட் ஒரு உறுப்பினருக்காக ஒதுக்கப்படுகிறது, பல் முளைக்கிற வரையில். ஏழு மணி வேண்டாம், அது எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம் என்று கறாராகவும் சொல்லிவிட்டார். அந்த ஏழு மணிப் பாலைக் குழந்தை சீக்கிரமே ஆடும் நாற்காலியில் குடிக்கப் பழகிவிட்டாள் என்பது வேறு விஷயம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். பெரிய நாற்சந்தியில் சிகப்பு விழுந்தது. எதிரே எண் ஓடுகிற சிக்னல். எழுபதிலிருந்து இறங்கத் தொடங்கியது. குழந்தை புட்டியை விட்டாள். உள்ளே இன்னும் முப்பது மில்லி இருந்தது. அந்தம்மா கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, நாங்கள் ஏறியதிலிருந்து முதல் தடவையாகத் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தார்.

"போன் பண்ணப்பல்லாம் தொண்ணூறு, தொண்ணூறு. ஒரு சொட்டு கூடல, ஒரு சொட்டு குறையல. எந்தக் குழந்தைங்க அப்படிக் குடிக்கும்? எனக்காகச் சும்மா சொல்றீங்கன்னு நினைச்சேன். இவ பட்டினி கிடக்கறான்னே நினைச்சு ஓட்டிட்டிருந்தேன்."

"நிஜமாவே தொண்ணூறுதான்" என்றார் லிஃப்ட்காரர். "நோட்டுல எழுதியிருக்கேன்."

ஐம்பத்திரண்டு. அந்தம்மா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு டிப்போவில் கொடுப்பதாக இருந்தாராம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லையாம். அதைப் புருஷனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, நீங்க எழுத்து வேலை பாக்கறவரு. இதுல ஏதாவது திருத்தணுமான்னு பாத்துச் சொல்லுங்க."

பிரித்தேன். நான்கே வரி. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பதினான்காம் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுத் தன்னை மேஜை வேலைக்கு மாற்றும்படி கேட்டிருந்தது. இரவெல்லாம் யோசித்து எழுதியது தெரிந்தது. என் மகள் தோளோடு தோள் உரசி எட்டிப் படித்தாள். முப்பத்தொன்று.

"மூணாவது வரியில தகவல் தப்பா இருக்கும்மா" என்றேன்.

"எது?"

"'குழந்தை புட்டியில் பால் குடிக்காத காரணத்தால்'னு போட்டிருக்கீங்க."

அந்தம்மா புட்டியைப் பார்த்தார். சூப்பர்வைசர் உதட்டோரத்தில் பால் வழிய, வண்டி ஏன் நிற்கிறது என்று தன் அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப அது செல்லாது. கிழிச்சிடுங்க."

கிழித்தேன். நான்கு வரிதான், என் தொழிலில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் திருத்தியதில்லை. லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தம்மா விரலால் தலைக்கு மேல் இருந்த பலகையைக் காட்டிவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கைப்பிரேக் இறங்கியது.

பன்னிரண்டு. பதினொன்று. குழந்தை புட்டியைக் காலால் உதைத்து ஒரு கத்தல் கத்தினாள். பஸ்ஸில் அத்தனை பேரும் சிக்னலையே பார்த்தோம். பெயின்டர் வாய்விட்டு எண்ணினார், நர்ஸுகள் சேர்ந்துகொண்டார்கள், என் மகளும் சத்தமாக எண்ணினாள், அவள் குரல் இவ்வளவு பெரியது என்று நான் மறந்தே போயிருந்தேன். நான்கு. மூன்று. இரண்டு.

பச்சை விழுந்தது. பஸ் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. புட்டிக்குள் ஒரு குமிழி மேலே ஏறியது.